மடங்கித் திரும்பும் படிகள்

பஃபலோ நகரம். இரவு பதினொன்று.
கடை மூடியாயிற்று.
கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள்
விலைச்சீட்டோடு குளிர்கோட்டு மாட்டி நிற்கின்றன.
நான் எஸ்கலேட்டரின் வயிற்றைத் திறந்து
உள்ளே இறங்குகிறேன்.

சட்டைப்பையில் ஆர்வின் டிராஸ்கோவின் வக்கீல் கடிதம்.
"இவ்விஷயத்தை எஸ்கலேட் செய்ய நேரிடும்."
இருபத்தாறு வருஷமாக இந்த இயந்திரத்துக்கு
எண்ணெய் போடுகிறவனிடம்
இந்த வார்த்தையா?

சாப்பாட்டு நேரத்தில்
புத்தகப் பிரிவுக்குப் போய்
விற்காத பெரிய அகராதி ஒன்றைப் புரட்டினேன்.
கையில் கிரீஸ். ஓரமாகப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஓர் ஏணி, லத்தீனில்.
பிறகு அந்த ஏணியைக் கோட்டை மதிலில் சாய்த்து,
கொதிக்கும் எண்ணெய்க்குத் தலை கொடுத்து
ஏறினவர்களின் போர்முறைக்கு அதே பெயர்.
அப்புறம் ரொம்ப காலம் கழித்து
ஒரு கம்பெனி தன் நகரும் படிக்கட்டுக்கு
எஸ்கலேட்டர் என்று பேர் வைத்து,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில்
பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியது.
ஊரே அந்தப் பேரைச் சொல்லப்போய்
பேர் கம்பெனிக்கு இல்லாமல் போனது.

வினைச்சொல் பிறந்தது அதற்கும் பிறகுதான்.
பிள்ளைக்குப் பிறந்த தாய் மாதிரி
இயந்திரத்திலிருந்து உருவி எடுத்த வினை.
ஆரம்பத்தில் அதற்கு அர்த்தம்
மின்படியில் ஏறு, அவ்வளவுதான்.
தொப்பி வாங்கப் போகிறவள் செய்கிற காரியம்.

அணுகுண்டைக் கையில் வைத்துக்கொண்டு
இரண்டு வல்லரசுகள் முறைத்த நாட்களில்
யாரோ அதைத் திரும்ப
மதிலுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.
சண்டை முற்றுவது. ஒரு படி, இன்னொரு படி.
யாரும் கால் எடுத்து வைக்க வேண்டாம்,
நின்றாலே போதும்,
அது கொண்டுபோகும்.

எங்கள் விஷயமும் அப்படித்தான்.
அவன் பனியை வாரி என் வாசலில் குவித்தான்.
நான் திருப்பி வாரினேன்.
அவன் கேமரா வைத்தான்.
நான் அவன் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து
விளக்கு வைத்தேன்.
என் குப்பைத்தொட்டி நாலு அங்குலம் தள்ளி நிற்பதாக
நகராட்சிக்கு ஒரு போன்.
"இதில் முதல் தப்பு யாருடையது?"
லோரெட்டா கேட்டாள்.
யோசித்தேன்.
எந்தப் படியில் ஏறினேன் என்பதே
மறந்துவிட்டது.

இங்கே உள்ளே
கொக்கிபோல் தொங்குகிற விளக்கில்
மேலே இருப்பவர்கள் காணாத ஒன்று தெரிகிறது.
உச்சிக்குப் போன ஒவ்வொரு படியும்
தட்டையாக மடங்கி, தலைகீழாகி,
ஓசையில்லாமல்
இருட்டு வழியாகத் திரும்பி வருகிறது.
திரும்பாவிட்டால் ஏற்றமும் கிடையாது.
வார்த்தையை உருவினவர்கள்
மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.
இறங்குவதற்கு அப்புறம் முன்னால்
ஓர் ஒட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.
ஒட்டுப்போட்ட செருப்புப் போல
அது இன்னும் சரியாக நடக்கவில்லை.

அடித்தட்டில் இன்று கிடைத்தவை:
ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை,
மூன்று பென்னி, உடைந்த சீப்பு,
முகவரி இல்லாத ஒரு சாவி.
கையுறையைக் காயவைத்தேன்.

இயந்திரத்தின் காலடியில்
நிறுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது.
யாராவது விழுந்தால்தான்
அது ஞாபகம் வரும்.

விடிகாலை வீடு வந்தேன். ஏரிப்பக்கமிருந்து
இரவெல்லாம் கொட்டியிருந்தது.
ஆர்வின் ஏற்கெனவே வெளியே,
கத்துகிற பனியூதியைத் தள்ளிக்கொண்டு.
இன்றைக்கு அதன் வாய்
தெருப்பக்கம் திரும்பியிருந்தது.
காற்றுக்காகவும் இருக்கலாம்.
என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான்.
அசைத்தானா, கண்ணில் விழுந்த பனியைத் துடைத்தானா,
சொல்ல முடியாது.

கடிதம் பையில் எண்ணெய்க்கறையோடு இருந்தது.
நானும் கையைத் தூக்கினேன்,
பாதி உயரம்வரை.